தூத்துக்குடி: எந்த முனையில் திரும்புவது?

வாசகர் கேள்வி – பதில்

(தூத்துக்குடியில் பிறந்து, அந்த மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்.)

திருச்செந்தூர் தரிசனத்துக்கு வருகிறோம். தங்குவது தூத்துக்குடியில். ஒரு முழு நாளும் காரும் கையில் இருக்கும். பனிமய மாதா ஆலயமும் துறைமுகக் கடற்கரையும் ஏற்கெனவே பார்த்தவை. பிள்ளைகளுக்குப் புதிதாக எதைக் காட்டலாம்?
– ஒரு வாசகி, கோவை

மணப்பாட்டைக் காட்டுங்கள் அம்மா. காலையில் மணப்பாடு, மாலையில் தேரி என்னும் செம்மணல் மேடு. ஒரு நாளுக்கு இவை இரண்டு போதும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் மூன்றையும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து கடலை ஒட்டித் தெற்கே குலசேகரப்பட்டினம் தாண்டி, இன்னும் 18 கிலோமீட்டர் போனால் மணப்பாடு. இருட்டோடு புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் அங்கே இருங்கள். ஊருக்குள் தெருக்கள் குறுகலானவை. குன்றின் அடிவாரம் வரை காரைக் கொண்டு போக நினைக்காமல், அகலமான இடம் தெரிந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு நடங்கள். நடந்தால்தான் பழைய பெரிய வீடுகளின் முகப்புகள் கண்ணில் படும். கொழும்போடு வணிகம் செழித்த காலத்தில் கட்டிய வீடுகள் அவை. பல வீடுகள் இப்போது பூட்டிக் கிடக்கின்றன.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. 1540-ல் புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. ஆலயம் எழுந்தது 1581-ல். குன்றின் கடல் பக்கத்தில், புனித சவேரியார் தங்கியிருந்த குகை இருக்கிறது. அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், அந்தக் குகைக்குள்ளேயே ஒரு கிணறு. நீரை அள்ளிக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உப்புக் கடல் அவ்வளவு பக்கத்தில் இருக்க, நீர் குடிக்கும்படி இருக்கும். மழைநீர் மணலில் இறங்கி, எடை கூடிய உப்பு நீரின் மேல் மிதந்து நிற்பதால் கடலோரத்தில் இப்படி நன்னீர் கிடைக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்த ஒரு கை நீர் அவர்களுக்கு நன்றாகப் புரியவைக்கும்.

பிறகு குன்றின் வடக்கு விளிம்புக்கு வந்து நில்லுங்கள். பிறையாக வளைந்த கரை தெரியும். நடுவில் நீண்ட மணல் திட்டு. அதற்கு அப்பால் அலையடிக்கும் கடல், இப்பால் கருமேனியாறு வந்து தேங்கும் காயல். ஒரு பக்கம் நுரை, மறு பக்கம் அசையாத பச்சை நீர், கரையில் வண்ணம் பூசிய வள்ளங்கள். தமிழகக் கடற்கரையில் எனக்குப் பிடித்த காட்சி எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஊரில் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் கிடைக்கும். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். ஓலையைக் காயவைத்து, வார்ந்து, சாயம் ஏற்றி முடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஒரு விஷயம்: இந்தக் கடலோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகத் தொழிலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் கரை சேர்வதையும் மீன் ஏலத்தையும் பார்க்க வேண்டுமானால் வேறு கிழமையில் வாருங்கள். செப்டம்பர் 14 திருச்சிலுவைப் பெருவிழா. அந்த நாட்களில் காரை ஊருக்கு வெளியே விட்டுவிடுவதுதான் நல்லது. நவராத்திரியின்போது குலசை (குலசேகரப்பட்டினம்) தசராக் கூட்டம் இதே சாலையை நிறைத்துவிடும்.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் வராமல், மேற்கே உடன்குடிக்குத் திரும்புங்கள். உடன்குடிக் கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. வாங்கும் முன் ஒரு துண்டை உடைத்துக் காட்டச் சொல்லலாம். சர்க்கரை கலந்திருந்தால் உடைந்த இடம் மினுமினுக்கும். கோடைக் காலமாக இருந்தால், காலையில் பனை ஓலைப் பட்டையில் பதநீர் கிடைக்கும். தேரியைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

தேரிக்காட்டுச் செம்மணலில் நான்கு சக்கர உந்துதல் உள்ள வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசை. எந்தப் பக்கம் நுழைந்தால் வசதி? கடற்கரை மணலிலும் ஓட்டலாமா?
– ஒரு வாசகர், சென்னை

எந்தப் பக்கமும் நுழையாதீர்கள் தம்பி. குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மணல் என்ன என்று தெரிந்தால் உங்களுக்கே ஓட்ட மனம் வராது.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் கச்சான் காற்று, உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலுக்கு முன்னே கொட்டிக் கொட்டிக் குவித்த மேடுகள் இவை. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. மேடு நிலையாக நிற்பதற்கு அதன் மேல் பரவியிருக்கும் கொடியும் புல்லும் உடைமரமும் பனையும்தான் காரணம். சக்கரம் ஒரு முறை அவற்றைக் கிழித்துவிட்டால், அடுத்த காற்றுக் காலத்தில் அந்த வடுவிலிருந்து மணல் கிளம்பிப் பக்கத்துத் தோட்டத்தை மூடும். தேரி நகர்ந்து வந்து வேலியை மூடியதாக முறையிட்ட விவசாயிகளின் தோட்டங்களில் நான் மாட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

தேரியைக் காலால் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வழியாகத் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குத் தார்ச்சாலை இருக்கிறது. கோயில் அருகே காரை நிறுத்திவிட்டு, மாலை நாலரைக்கு மேல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். மேல் மணல் சுடும், கால் புதையும் ஆழத்தில் குளிர்ச்சி தட்டும். வெயில் சாயச் சாய நிறம் செங்கலிலிருந்து குங்குமத்துக்கு மாறும். மார்கழி பிறக்கும் சமயத்தில் நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இந்த மணலைத்தான் மடியில் கட்டி வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துப் போவார்கள். அப்படிப்பட்ட மணலில் டயர் தடம் பதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குரும்பூர்ப் பக்கம் மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் வறண்ட செம்மணல், நடுவில் சுனையும் மர நிழலும். காத்து நிற்கும் சாமியின் பெயரிலேயே அந்தச் சுனை எவ்வளவு அருமையானது என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் இதையும் விடாதீர்கள்.

தேரி ஓரங்களில் நெட்டை நெட்டையாகக் கால்களுடன் மேய்கிற ஆடுகளைப் பார்ப்பீர்கள். அவை கொடி ஆடுகள், இந்த மண்ணின் இனம். வெள்ளை உடம்பில் கறுப்புத் தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெளித்திருந்தால் செம்போரை. பின்னங்காலில் நின்று உடைமரக் கிளையை எட்டிப் பிடித்துத் தின்னும்போது, அந்த நீண்ட காலும் நீண்ட கழுத்தும் எதற்கு என்று விளங்கும். முள்ளை ஒதுக்கி இலையை மட்டும் உதட்டால் உருவும். ஐந்து நிமிடம் நின்று பார்க்கத் தக்க காட்சி.

கடற்கரை மணல்: அங்கும் வேண்டாம். தெரியாமல் இறங்கிச் சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் இறங்கும். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சக்கரத்துக்கு முன் மணலைக் கையால் வாரி, பனை மட்டையோ சாக்கோ போட்டு, முதல் கியரில் மெதுவாக ஏற்றுங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் முதல் வேலையாகக் காற்றை நிரப்புங்கள்.

உப்பளங்களைப் படம் எடுக்க வேண்டும். எந்த மாதம், எந்தச் சாலை?
– புகைப்படக் கலை பயிலும் மாணவர், தஞ்சாவூர்

வடக்கே தருவைகுளம் போகும் சாலை. பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை உப்பு விளையும் காலம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் வெறும் நீர்நிலைகள்தான். ஆனால் மழைக்குப் பிந்தைய குளிர்காலத்தில் அந்த நீரில் பூநாரைகள் இறங்கும். உப்பு வேண்டுமா, பறவை வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடியில். இங்கே பல அளங்களில் கடல்நீரைவிட அடர்த்தியான நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாய்ச்சுகிறார்கள். நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவுகோலில் ஏறத்தாழ 25 டிகிரியைத் தொடும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். முதலில் நீர்ப்பரப்பில் மெல்லிய ஏடு படியும். காற்று அதை ஒரு மூலைக்குத் தள்ளும். ஏடு கனத்து அடியில் இறங்கிப் படிகமாகும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு படிகமும் சதுரம் சதுரமாகக் கரை கட்டியிருக்கும். உங்கள் நெருக்கக் காட்சி லென்ஸுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

நீண்ட பிடியுள்ள பலகையால் உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவதும், பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டு போய் அம்பாரத்தில் கொட்டுவதும் வெயிலுக்கு முன்பே நடக்கிற வேலைகள். நீங்கள் ஐந்தரை மணிக்குப் போனால் அவர்களுக்கு அது பாதி நாள். முதலில் கேமராவைக் காரில் வைத்துவிட்டுப் போய், கங்காணியிடமும் வேலை செய்கிறவர்களிடமும் பேசுங்கள். உப்புநீரில் நின்று நின்று வெடித்த பாதங்களையும், வெண்மையில் கூசிச் சிவந்த கண்களையும் கேட்காமல் படம் பிடித்துப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எனக்கு அது மிகுந்த வருத்தம். எடுத்த படத்தின் அச்சுப் பிரதியை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

அளத்து வரப்பில் காரை ஏற்றக் கூடாது. அது களிமண் கரை, உடைந்தால் ஒரு பாத்தியின் உழைப்பு முழுதும் போய்விடும். வீடு திரும்பியதும் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே மட்டும் துடைத்தால் துரு கீழே வேலையைத் தொடங்கியிருக்கும்.

தூத்துக்குடியைச் சுற்றித் தீவுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். காரிலேயே போகக்கூடிய தீவு உண்டா?
– ஒரு வாசகர், சேலம்

முயல் தீவு ஒன்றுதான். நிலத்தோடு சாலையால் இணைந்துவிட்டது. துறைமுகப் பகுதியை ஒட்டியது என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

வான் தீவு, காசுவார், காரைச்சல்லி ஆகியவை மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. விளாங்குச்சல்லி ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டது. ஒரு காலத்தில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததற்கு இன்று கடல் கணக்குக் கேட்கிறது. வான் தீவைக் காப்பாற்ற, அலையின் வேகத்தைக் குறைக்கும் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள்.

என் தந்தைக்கு 78 வயது, வரலாற்றில் ஆர்வம். கொற்கையைப் பார்க்க வேண்டும் என்கிறார். அங்கே ஒன்றும் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அழைத்துப் போவதில் பயன் உண்டா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

கட்டாயம் அழைத்துப் போங்கள். கோட்டையும் கோபுரமும் தேடுகிறவருக்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். வயல், வாழைத்தோட்டம், ஒரு குளம், குளத்துக்குள் வெற்றிவேல் அம்மன் கோயில், முதுமையில் சாய்ந்த ஒரு வன்னிமரம். அவ்வளவே. ஆனால் அந்த வன்னி நிழலில் உங்கள் தந்தையை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, "அப்பா, கடல் எங்கே?" என்று கேளுங்கள். பாண்டியரின் துறைமுகம் இது. சங்கப் புலவர்கள் பாடிய முத்து இங்கே கரையேறியது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று இதைக் 'கொல்கி' என்கிறது, தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு இங்கே முத்துக் குளித்தார்கள் என்றும் சொல்கிறது. இன்று கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

தள்ளியது தாமிரபரணி. பொதிகையிலிருந்து அது கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தை நிரப்ப நிரப்ப, துறைமுகமும் ஆற்றின் பின்னாலேயே நடந்தது. கொற்கை தூர்ந்ததும் காயல் என்ற ஊர் துறைமுகம் ஆனது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய பெருநகரம் என்று எழுதியது இதைத்தான். அதுவும் தூர்ந்து இன்று பழையகாயல் ஆயிற்று. பிறகு போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல். இந்த மூன்றையும் ஒரே காலைப் பொழுதில் காரில் பார்த்துவிடலாம், அதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் பயணம்.

முக்காணிப் பக்கமிருந்து கொற்கைக்குப் போய்விட்டு, திரும்பி வந்து பழையகாயலில் சற்று நில்லுங்கள். பிறகு ஆத்தூரில் திரும்பி, சேர்ந்தபூமங்கலம் வழியாகப் புன்னைக்காயல். வழி முழுவதும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. காரம் கூடிய வெற்றிலை. தந்தைக்கு வெற்றிலைப் பழக்கம் இருந்தால் ஒரு கவுளி வாங்கிக் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை மறைந்து, உப்பங்கழியும் அலையாத்தி மரங்களும் வரும். சாலை முடிகிற இடத்தில் ஆறும் முடிகிறது. இடையில் வேறு மாநிலத்தைத் தொடாமல், பிறந்த தமிழ்நாட்டிலேயே கடல் சேர்கிற ஆறு. அந்த முகத்துவாரத்தில் நீரின் நிறம் மாறும் கோட்டைக் கண்ணால் பார்க்கலாம். இந்தப் பகுதியில் சங்கு குளிக்கிறவர்கள் இருந்தால், மரியாதையாகப் பேச்சுக் கொடுங்கள். முத்துக்குளித்தல் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை, மூச்சடக்கும் வித்தை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெரியவருக்கு ஏற ஒரு படியும் கிடையாது. முடிந்த மட்டும் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நானும் அம்மாவும் மட்டும் வருகிறோம், நான்தான் ஓட்டுவேன். சாப்பாடு, கழிப்பறை, பாதுகாப்பு எப்படி? இரவில் ஓட்டலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பகலில் எந்தத் தயக்கமும் வேண்டாம். வழி கேட்டால் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து காட்டுகிற ஊர்கள் இவை. கழிப்பறைக்குத் தூத்துக்குடி, ஆறுமுகநேரி, திருச்செந்தூர், உடன்குடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட மீனவ ஊர்களில் வசதி குறைவு. தேவாலய வளாகத்தில் கேட்டால் பெரும்பாலும் உதவுவார்கள். தூத்துக்குடியில் மக்ரூன் வாங்காமல் போகாதீர்கள், முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை மூன்றே பொருள்.

இரவில் வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் மனிதர்கள் அல்ல. கிடை போடப் போகிற ஆடுகள் சாலையைக் கடக்கும், பின் விளக்கு எரியாத உப்பு லாரிகள் ஓரத்தில் நிற்கும். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம் என்றால் திருச்செந்தூர்ச் சாலையில் பாதயாத்திரை பக்தர்கள் இரவெல்லாம் நடப்பார்கள். வெளியூர்க் கார் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போன சினை ஆட்டைத் தேரி ஓரத்தில் நான் பார்த்திருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆட்டுக்காரப் பெண் அதன் தலையை மடியில் வைத்திருந்தார். அந்த வீட்டில் பள்ளிக் கட்டணம் அந்த ஆடுதான். குட்டி ஒன்றை மட்டும் எடுக்க முடிந்தது. ஆட்டு மந்தை தெரிந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், சிதறும். வேகத்தைக் குறைத்து நின்றுவிடுங்கள். முன்னால் போகிற ஆடு கடந்துவிட்டால் மற்றவை தானாகக் கடக்கும்.

நவம்பர், டிசம்பரில்தான் எங்களுக்கு விடுமுறை. வரலாமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

நவம்பரில் மழை எப்போது வலுக்கும் என்று சொல்ல முடியாது. டிசம்பரும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு, நான் மேலே எழுதிய ஊர்களில் பலவும் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. ஏரலில் பாலமே சேதமடைந்தது.

அந்த விடுமுறையில்தான் வர முடியும் என்றால் டிசம்பர் கடைசி வாரம் வாருங்கள். புறப்படும் முன் வானிலை அறிவிப்பில் 'தென்மாவட்டங்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் புன்னைக்காயல், கொற்கைப் பயணத்தை விட்டுவிட்டு, மேடான மணப்பாட்டுக்கு மட்டும் போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் வேலை நடப்பதால், பழைய வரைபடத்தை நம்பாமல் உடன்குடி முக்கில் யாரையாவது கேட்டுக்கொண்டு போங்கள்.